பழைய கணினி டிஸ்க்குகள்: சுருக்குவது சுலபம், கொடுப்பதுதான் கஷ்டம்

போன மாசம் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஆப்பிள் டூ மெஷின் ஒண்ணு கிடைச்சிருக்கு. பூட் பண்ண டிஸ்க் இல்லை. நீங்கதான் எல்லாத்தையும் இமேஜ் எடுத்து வெச்சிருக்கீங்களே, அந்த டாஸ் 3.3 சிஸ்டம் டிஸ்க்கை மட்டும் அனுப்புங்களேன்."

கோப்பின் அளவு 143,360 பைட். நம் ஃபோனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் பதில் சொல்ல எனக்கு மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுக் கணினிகளின் சிஸ்டம் மென்பொருளை 'இலவசமாக' விட்டதாகச் சொல்லும் நிறுவனங்கள் உண்மையில் எதை விட்டிருக்கின்றன, எந்த வடிவத்தில் விட்டிருக்கின்றன என்பதைக் கொஞ்சம் கறாராகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் சுருக்கும் வேலை

ஆப்பிள் டூவின் ஐந்தேகால் இஞ்ச் டிஸ்க்கில் 35 ட்ராக். ஒவ்வொரு ட்ராக்கிலும் 16 செக்டர், ஒவ்வொன்றும் 256 பைட். ஆக ஒரு ட்ராக் 4,096 பைட். பெருக்கிப் பார்த்தால் மேலே சொன்ன 143,360 வரும்.

1980களின் கடைசியில் ஆண்டி நிக்கலஸ் எழுதிய ஷ்ரிங்க்இட் என்ற நிரல் இந்தக் கணக்கை அழகாகப் பயன்படுத்திக்கொண்டது. அது டிஸ்க்கை 4,096 பைட் துண்டுகளாக எடுக்கும், அதாவது ஒரு ட்ராக் அளவு. முதலில் ஒரே பைட் திரும்பத் திரும்ப வருவதை எண்ணிக்கையாகச் சுருக்கும். பிறகு எல்இசட்டபிள்யூ முறையில் இன்னும் இறுக்கும். சுருக்கியும் அளவு குறையாத துண்டு என்றால் அதை அப்படியே போட்டுவிடும். கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணும் உண்டு. ஒரு மெகாஹெர்ட்ஸ் சில்லில் ஓடும் நிரலுக்கு இது சாதாரண விஷயமில்லை.

இதில் எனக்குப் பிடித்தது வேகம் அல்ல, அதன் ஒழுக்கம். கோப்புகளை மட்டும் கட்டலாம். முழு டிஸ்க்கையும் கட்டலாம். சிஸ்டம் டிஸ்க்குக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஏனென்றால் பூட் ஆகும் பகுதி கோப்புப் பட்டியலிலேயே வராது. கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் எல்லாம் இருக்கும், மெஷின் மட்டும் கிளம்பாது. முழு டிஸ்க்கைக் கட்டிப் பிரித்தால் போட்ட பைட் போட்ட இடத்தில் வரும்.

இன்னொரு விஷயம். எல்இசட்டபிள்யூவின் மேல் யூனிசிஸ் நிறுவனத்துக்குக் காப்புரிமை இருந்தது. அமெரிக்காவில் அது 2003 ஜூனில்தான் முடிந்தது. ஆக, பொட்டலத்துக்குள் இருக்கும் பொருள் ஒருத்தருக்குச் சொந்தம், பொட்டலம் கட்டும் முறை இன்னொருத்தருக்குச் சொந்தம். சுருக்குவது என்பது சட்டத்துக்கு அப்பாற்பட்ட சுத்தமான கணிதம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இருந்ததே இல்லை.

நான் செய்த தப்பு

என் பெட்டியில் இருந்த டிஸ்க்குகள் என் முன்னாள் டீம் லீட் கொடுத்தவை. பள்ளி நாட்களில் அவர் எழுதிய பேசிக் நிரல்கள் அவற்றில் இருந்தன. இமேஜ் எடுத்ததும் எனக்கு ஒரு ஆசை: எவ்வளவு சிறிதாக்க முடியும், பார்ப்போமே! டிஸ்க்கில் 'காலி' என்று குறித்திருந்த செக்டர்களை எல்லாம் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு ஜிப் பண்ணினேன். அளவு பாதிக்கும் கீழே போனது. ரொம்பச் சந்தோஷம். பழைய இமேஜை அழித்தேன்.

ரெண்டு வாரம் கழித்து அவர் கேட்டார்: "அதுல அப்பாவுக்காக ஒரு வட்டிக் கணக்கு ப்ரோக்ராம் போட்டிருந்தேன். அழிச்சுட்டேன்னு நினைக்கிறேன். எடுக்க முடியுமா பாருங்க."

டாஸ் 3.3இல் ஒரு கோப்பை அழித்தால் பட்டியலில் ஒரு குறி மாறும், செக்டர்கள் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் எழுத்து அப்படியே கிடக்கும், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை. அந்த வட்டிக் கணக்கு அங்கேதான் இருந்திருக்க வேண்டும். டிஸ்க்கை மறுபடி ட்ரைவில் போட்டேன். முதல் தடவை படித்தபோதே காந்தப்பூச்சு உரிந்திருந்தது. இந்தத் தடவை ஒன்றுமே வரவில்லை.

சில கிலோபைட் மிச்சம் பிடிக்க ஒரு மனுஷனின் அப்பா ஞாபகத்தை அழித்துவிட்டேன். அதிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: பிரித்தால் அதே பைட் திரும்பி வரவில்லையென்றால் அது சுருக்கம் இல்லை, திருத்தம். திருத்தினால் மூலத்தை வைத்துக்கொண்டு திருத்த வேண்டும்.

அவருடைய டிஸ்க்கில் இன்னொரு சிக்கலும் இருந்தது. டாஸ் 3.3இல் ஒரு வெற்று டிஸ்க்கைத் தயார் பண்ணினால் முதல் மூணு ட்ராக்கில் டாஸே நகலாகிவிடும். 12,288 பைட். அதாவது, ஒரு பள்ளிக்கூடப் பையன் சொந்தமாக எழுதிய நிரல்கள் இருக்கும் டிஸ்க்கிலும் ஆப்பிளின் சரக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் கேம் விற்றவர்களும் டாஸைச் சேர்த்துக் கொடுக்க ஆப்பிளிடம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது இதனால்தான். அவருடைய நிரல்களை நான் தாராளமாகப் பகிரலாம், அவர் சம்மதம் போதும். ஆனால் பூட் ஆகிற மாதிரி பகிர முடியாது.

நாலு அனுமதிகள், ஒரு மதிப்பீடு

ஒரு அனுமதியை நான் மூணு கேள்வி வைத்துப் பார்க்கிறேன். வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? கொடுக்கப்பட்ட வடிவம் மூலத்துக்கு உண்மையாக இருக்கிறதா? கொடுத்த நிறுவனம் நாளை காணாமல் போனாலும் அனுமதி நிற்குமா?

ஆப்பிள்: மேக்கின்டாஷ் சிஸ்டம் 7.5.3ஐ 19 பாகமாக இலவசமாக இறக்கிக்கொள்ள வைத்திருந்தது. ஆப்பிள் டூஜிஎஸ்ஸின் சிஸ்டம் 6.0.1ம் அப்படிக் கிடைத்தது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த 19 பாகத்தைப் பிரிக்க ஏற்கனவே ஓடுகிற ஒரு மேக் வேண்டும். ஓடுகிற மேக் இருந்தால் நமக்கு எதற்கு சிஸ்டம் டிஸ்க்? அதைவிடப் பெரிய குறை, இறக்கிக்கொள்ளத்தான் அனுமதி, கைமாற்ற இல்லை. அந்தப் பழைய பக்கம் போனதும் அனுமதியும் அந்தரத்தில் நிற்கிறது. டாஸின் ஆரம்ப கால மூலநிரலை 2013இல் ஆப்பிள் சம்மதத்தோடு கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. அதுவும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும். படிக்கலாம், சரி. என் நண்பரின் மெஷின் அதைப் படித்துக் கிளம்பாதே!

ஆம்ஸ்ட்ராட்: சின்க்ளேரின் கணினித் தொழிலை 1986இல் வாங்கிய நிறுவனம். ஸ்பெக்ட்ரத்தில் சிஸ்டம் டிஸ்க் கிடையாது, எல்லாம் 16 கிலோபைட் ரோமில். 1999இல் அங்கே வேலை பார்த்த கிளிஃப் லாசன் ஒரு செய்திக்குழுவில் எழுதினார். சாரம் இதுதான்: எமுலேட்டர்களோடு ரோமைச் சேர்த்துக் கொடுக்கலாம், காப்புரிமை வாசகத்தை மாற்றாதீர்கள், எங்களுக்கு ஒரு வரி நன்றி சொன்னால் சந்தோஷம். வக்கீல் வாடையே இல்லாத எழுத்து. கைமாற்றும் உரிமையைத் தெளிவாகக் கொடுத்தது. குறை என்றால், மாற்றியமைக்கும் சுதந்திரம் இல்லை. அதனால் டெபியன் லினக்ஸ் அந்த ரோம்களைத் தன் 'சுதந்திரமல்லாத' பிரிவில்தான் வைத்திருக்கிறது. இருந்தும் நான் பார்த்ததில் மனுஷத்தன்மையான அனுமதி இதுதான்.

சிபிஎம்: கேரி கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் உருவாக்கியது. ஆஸ்பார்ன், கேப்ரோ, ஆம்ஸ்ட்ராட் பிசிடபிள்யூ எல்லாம் இதில் ஓடின. உரிமை நோவெல், கால்டெரா என்று கை மாறிக்கொண்டே போனது. 2001இல் பிரையன் ஸ்பார்க்ஸ் கொடுத்த அனுமதி ஒரு குறிப்பிட்ட இணையதளத்தின் பேரைச் சொல்லி எழுதப்பட்டிருந்தது. அந்தத் தளத்துக்கு மட்டுமா, எல்லோருக்குமா? 21 வருஷம் இந்த ஒரு சந்தேகம். 2022இல் அவரே, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பகிரலாம், மாற்றலாம் என்று எழுதி முடித்துவைத்தார். ஒரு வாக்கியத்தை ஒழுங்காக எழுதாததன் விலை இரண்டு தசாப்தம். ஸ்பார்க்ஸ் உயிரோடு இருந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். இல்லையென்றால்?

மைக்ரோசாஃப்ட்: எம்எஸ்-டாஸ் வீட்டுக் கணினியைவிட அலுவலகக் கணினி வகைதான், பாடம் பெரியது என்பதால் சேர்க்கிறேன். 2014இல் 1.1, 2.0 பதிப்புகள் அருங்காட்சியகம் வழியாக, வணிகமல்லாத உரிமத்தில் வந்தன. 2018இல் கிட்ஹப்பில் எம்ஐடி உரிமத்துக்கு மாறின. 2024 ஏப்ரலில் 4.00 வந்தது. உரிமத்தில் ஒரு குறை சொல்ல முடியாது: என் மூணு கேள்வியில் முதலும் கடைசியும் முழு மதிப்பெண். ஆனால் நடுக் கேள்வியில் சறுக்கல். கோப்புகளை இன்றைய எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றியதில் பழைய கோடு, கட்டம் போடும் எழுத்துகள் சிதைந்தன. கிட் நேரமுத்திரையைக் காப்பதில்லை என்பதால் கோப்புகளின் அசல் தேதிகளும் போயின. வெளியான புதிதில் அப்படியே கம்பைல் ஆகவும் இல்லை. நான் என் டீம் லீட் டிஸ்க்குக்குச் செய்த அதே காரியம்தான் இது. நல்லெண்ணத்தோடு செய்த திருத்தம். மூல டிஸ்க்கின் இமேஜை ஒரு ஜிப்பில் பக்கத்திலேயே போட்டிருந்தால் போதும்.

அமிகாவைப் பற்றி ஒரு வரி. 1994இல் கமடோர் திவாலான பிறகு உரிமைச் சண்டை முடிந்தபாடில்லை. ஆனால் க்ளோவான்டோ 1997 முதல் கிக்ஸ்டார்ட் ரோமையும் வொர்க்பெஞ்ச் டிஸ்க்கையும் காசுக்கு விற்கிறது. இலவசம் இல்லைதான், நேர்வழி ஒன்றாவது இருக்கிறது.

'யாரும் கேட்க மாட்டாங்க' என்கிற வாதம்

"நாற்பது வருஷப் பழைய சரக்கு, எவன் வழக்குப் போடப்போறான்?" என்று கேட்பார்கள். நடைமுறையில் சரிதான். ஆனால் 'கைவிடப்பட்ட மென்பொருள்' என்று சட்டத்தில் ஒரு வகை இல்லை. அமெரிக்கக் கணக்கில் ஒரு நிறுவனத்தின் படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 95 வருஷம். 1980இல் வந்த டாஸ் 3.3க்கு 2075 முடிய வேண்டும். நம் ஊர்ச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாக வைத்திருப்பவர் பாதுகாப்புக்கு நகல் எடுத்துக்கொள்ள விடுகிறது. ஊருக்குக் கொடுக்க விடவில்லை.

'யாரும் கேட்க மாட்டார்கள்' என்பதை நம்பி ஒரு நூலகமோ கல்லூரியோ சேகரிப்பு தொடங்காது. அவர்களுக்குக் காகிதம் வேண்டும். தனியாள்கள் கண்ணை மூடிக்கொண்டு பகிர்வதால்தான் இவ்வளவும் பிழைத்திருக்கிறது என்பது உண்மை. அதே தனியாள்கள் என்னை மாதிரி ஆசைப்பட்டுச் செக்டர்களைத் துடைத்தும் வைக்கிறார்கள், அதைச் சரிபார்க்க ஒரு நிறுவனமும் மூலத்தை வைத்திருக்கவில்லை என்பதும் உண்மை. உரிமைக்காரர்களிடம் நான் எதிர்பார்ப்பது ரொம்பக் கொஞ்சம்: லாசனின் கடிதம் மாதிரி ஒரு பத்தி, அதில் 'யாரும்', 'யாருக்கும்' என்ற இரண்டு சொல், கூடவே கை வைக்காத ஒரு டிஸ்க் இமேஜ்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியைக் கிளறியபோது டாஸ் 3.3 சிஸ்டம் மாஸ்டர் இரண்டு இருந்தது, இரண்டும் அசல். டீம் லீடிடம் கேட்டேன். "ஒண்ணைக் கொடுத்துடுங்க, எனக்கெதுக்கு" என்றார். கொடுக்கும் டிஸ்க்கின் இமேஜை அழித்துவிட்டு, டிஸ்க்கை அட்டைக்கு நடுவில் வைத்துக் கூரியர் பண்ணினேன். 143,360 பைட் ஊர் போய்ச் சேர நாலு நாள் ஆச்சு. போன ஞாயிற்றுக்கிழமை பூட் ஆனதாகச் சொன்னார்.

அந்த டிஸ்க்கும் ஒரு நாள் பூச்சு உரியும். 2075 வரைக்கும் தாங்காது.