வலிப்புக் காட்சியும் சாவிக்கொத்தும்

நம்ம படங்களில் வலிப்புக் காட்சி என்றால் பெரும்பாலும் ஒரே திரைக்கதைதான். ஆள் விழுவார், கைகால் இழுக்கும், வாயில் நுரை தள்ளும். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "யாராவது இரும்பு குடுங்கப்பா!" சாவிக்கொத்து கைக்குள் போனதும் இழுப்பு அடங்கும். காமெடி சீன் என்றால் அதே சாவியை வைத்துச் சிரிப்பும் காட்டிவிடுவார்கள்.

இது பொய் என்று சொல்வது சுலபம். ஏன் நிஜம் மாதிரியே தெரிகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து, மூடிய விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்குள் அந்த நேரம் வந்துவிடுகிறது. தானாக முடியப்போகிற ப்ரோகிராமுக்கு முன்னால் உட்கார்ந்து எண்டரைத் தட்டிவிட்டு, "நான் தட்டினதாலதான் முடிஞ்சுது" என்பது போல.

நம்மூர் அறியாமை என்று ஒதுக்கவும் முடியாது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரேஸ் அனாடமி, ஹவுஸ், ஈ.ஆர். மாதிரியான அமெரிக்க மருத்துவத் தொடர்களைப் பார்த்துக் கணக்கெடுத்து 2010இல் வெளியிட்டார்கள். 327 எபிசோடுகளில் 59 வலிப்புகள். முதலுதவி சரியாக இருந்தது 17இல் மட்டும். ஆளை அழுத்திப் பிடிப்பது, வாயில் எதையாவது திணிப்பது எல்லாம் அங்கே டாக்டர், நர்ஸ் வேஷம் போட்டவர்களே செய்கிறார்கள். என் பார்வையில் இது சாவியை விட மோசம். சாவி பெரும்பாலும் நேரத்தைத்தான் வீணாக்கும். வாய்க்குள் போகிற ஸ்பூன் பல்லை உடைக்கும், மூச்சை அடைக்கும். நாக்கை விழுங்கிடுவார் என்று பயப்படுகிறார்கள்; நாக்கை யாராலும் விழுங்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், சரியான முதலுதவியில் கேமராவுக்கு வேலையே இல்லை. பக்கத்தில் இருக்கிற நாற்காலி, கல்லை நகர்த்தணும். தலைக்கடியில் மடித்த துண்டு. முடிந்தவுடனே ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். மணி பார்க்கணும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ, முதல் தடவை வந்த வலிப்பாக இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ 108க்குக் கூப்பிடணும். மற்றபடி கூடவே இருக்கணும், அவ்வளவுதான். வாட்ச்சைப் பார்க்கிற ஒரு ஆளை நான் எந்த வலிப்புக் காட்சியிலும் பார்த்ததில்லை.

அப்புறம் அந்த சோடா. படத்தில் இழுப்பு நின்றதும் எழுந்து உட்கார்ந்து குடிப்பார். நிஜத்தில் அதற்கப்புறம் சில நிமிடங்கள், சமயத்தில் அரை மணி நேரம்கூட, குழப்பமும் தூக்கமுமாக இருக்கும். முழு நினைவு வராதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. சாவியை விட மனசில்லாத இயக்குநர்கள் இந்த சோடா ஷாட்டையாவது வெட்டலாம்.