சூக்கோ ஈட்டியதும் ஆங் பெற்றதும்

2005 முதல் 2008 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 61 பகுதிகளாக ஒளிபரப்பான ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்னும் இயங்குபடத் தொடர், சிறுவர்க்கென எழுந்ததாயினும் பாத்திரப் படைப்பில் பெருங்கதைக்குரிய தகுதி உடையது என்பது எம் கருத்து. தந்தையால் நாடு கடத்தப்பட்ட இளவரசன் சூக்கோ ஒரே நாளில் திருந்தினான் அல்லன். இரண்டாம் பருவ இறுதியில் தன்னைப் பேணிய பெரியதந்தை ஐரோவையே கைவிடுகின்றான். மூன்றாம் பருவத்திலேயே தந்தையை எதிர்த்து வெளியேறுகின்றான். இவ்வழுக்கலே அவன் மாற்றத்தை நம்பச் செய்கின்றது.

கதைத்தலைவன் ஆங்கின் நிலை வேறு. கொல்லாமை பூண்ட அவன் கொடுங்கோலன் ஓசாயைக் கொல்லுதல் தகுமோ என்னும் வினா ஈற்றில் எழுகின்றது. அந்நிலையில் எதிர்ப்படும் அரிமா ஆமையொன்று, உயிர் கவராது ஆற்றலை மட்டும் கவரும் வழியை அவனுக்கு அளிக்கின்றது. அறம் பிழைத்தது என்பர் சிலர். மெய்யே, ஆயினும் விடை அவன் உள்ளத்திற் பிறவாது புறத்திருந்து வந்தது. சூக்கோ ஈட்டினான், ஆங் பெற்றான். தொடரின் நிறையும் குறையும் இவ்வேறுபாட்டில் அடங்கும்.