கைவினை ரீகர்வ் வில்: மரத்தை விடுங்கள், இழுப்பைப் பாருங்கள்

சொல்லிச் செய்து வாங்கும் ரீகர்வ் வில்லின் படங்களைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். ஈட்டி மரத்தில் கைப்பிடி, அதன் நடுவே வெளிறிய மேப்பிள் கோடு, முனையில் மான்கொம்பு நிறத்தில் ஒரு பூச்சு. செய்பவர் அனுப்பும் ஆர்டர் தாளிலும் பாதிக் கேள்வி இந்த அலங்காரத்தைப் பற்றியதாகவே இருக்கும். நாமும் அதில்தான் இரவெல்லாம் யோசிப்போம். இழுவிசை என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டு முன்பணத்தை அனுப்பிவிடுவோம். காசு வீணாவது அந்தப் பெட்டியில்தான்.

பூதப்பாண்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், மூன்று வெவ்வேறு ஆட்கள் கையால் செய்த மூன்று வில்களை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க எய்து பார்த்தோம். முதலாவது மூங்கில் பட்டைகளை ஒட்டி, முனைகளைச் சூட்டில் வளைத்தது. நீளம் 64 அங்குலம். இரண்டாவது உள்ளே மரம், முன்னும் பின்னும் ஃபைபர் கிளாஸ், ஒரே துண்டாக 60 அங்குலம். மூன்றாவது கைப்பிடி தனி, வளைகிற இரண்டு கைகளான ‘லிம்ப்’ தனி என்று போல்ட் போட்டு இணைக்கும் ‘டேக் டவுன்’, 62 அங்குலம்.

நாஞ்சில் நாட்டில் வில் என்றால் கொடை விழாவுக்கு வருகிற வில்லுப்பாட்டு வில்தான். மணி கட்டிக் குடத்தின் மேல் ஏற்றி, வீசுகோலால் தட்டுகிற வில். அதனால் தேங்காய் பொறுக்க வந்த பெரியவர் நம் வில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மணி ஒண்ணும் கெட்டலியா மக்கா?” என்று கேட்டதில் நியாயம் உண்டு. அடுத்த கேள்வி, “பின்ன இது பன்னி அடிக்கதுக்கா?” மலையடிவாரத்தில் மரச்சீனி நட்டவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த ஆசையோடு வில் வாங்க நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நம் குறி வைக்கோல் கட்டும் வெட்டிப்போட்ட வாழையும் மட்டுமே. வாழையில் அம்பு அழகாக இறங்கும். ஆனால் கறை தண்டிலும் இறகிலும் ஒட்டி, கழுவக் கழுவப் போகாது.

இழுவிசைக்கு வருவோம். வில்லில் 40 பவுண்டு என்று எழுதியிருந்தால், நாணை 28 அங்குலம் இழுத்து நிறுத்தும்போது கையில் ஏறுகிற பாரம் 40 பவுண்டு என்று பொருள். அந்த 28 அங்குலம் உலக வழக்கம். உங்கள் கையின் அளவு அல்ல. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அங்குலத்தில் அளந்து, 2.5ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். எனக்கு 66 அங்குலம், வகுத்தால் 26.4. நம் ஊரில் நடுத்தர உயரமுள்ள பலருக்கும் கணக்கு இதை ஒட்டித்தான் வரும். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு முதல் மூன்று பவுண்டு குறையும். ஆகவே 40 என்று எழுதிய அந்த ஒற்றைத் துண்டு வில், என் கையில் 36ஐ ஒட்டித்தான் நிற்கிறது. தூக்குத் தராசில் மாட்டிப் பார்த்தபோதும் அதுவே வந்தது. விலை கொடுத்தது 40க்கு.

ஆறடி நண்பருக்குச் சங்கடம் நேர்மாறானது. அவருடைய இழுப்பு 29ஐத் தாண்டும். அதே 60 அங்குல வில்லை அவர் இழுத்தால் 27 வரை வெண்ணெய். அதற்கு மேல் சுவரில் முட்டிய மாதிரி நிற்கிறது. குட்டையான வில்லை நிறைய இழுக்கும்போது, முனையில் நாணுக்கும் லிம்புக்கும் நடுவிலுள்ள கோணம் விரிந்து செங்கோணத்தை நெருங்கும். அதன் பிறகு ஒவ்வோர் அங்குலத்துக்கும் பாரம் திடுதிடுவென ஏறும். ‘ஸ்டாக்’ ஆகிறது என்பார்கள். ரீகர்வ் வில்லின் வளைந்த முனை இருப்பதே இதைத் தள்ளிப்போடத்தான். ஓய்வில் நாண் அந்த வளைவின்மேல் படிந்து கிடக்கும். இழுக்க இழுக்கப் பிரிந்து எழும்பும். லிம்ப் நீண்டதுபோல வேலை செய்யும். இழுப்பின் தொடக்கத்திலேயே பாரம் ஏறிவிடுவதால் சேமிக்கும் ஆற்றலும் கூடுதல். ஆனால் அந்த வளைவுக்கும் எல்லை உண்டு. 29 அங்குலம் இழுப்பவர் 64க்குக் குறைந்த வில் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. குதிரைமேல் போகாதவருக்குக் குட்டை வில்லால் என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை.

எத்தனை பவுண்டு? ஒலிம்பிக்கில் 70 மீட்டர் எய்கிற ஆண்கள் பெரும்பாலும் 45, 50 பவுண்டை ஒட்டி வைத்திருப்பார்கள். நாள்தோறும் நூற்றுக்கணக்கில் எய்து உரமேறிய தோள் அது. சைட், ஸ்டெபிலைசர் எதுவும் இல்லாமல் 20 மீட்டரில் வைக்கோல் கட்டை அடிக்க நம் கையில் 30 முதல் 35 பவுண்டு ஏறினால் தாராளம். ஜிம்முக்குப் போகிற பையன்கள் 50 கேட்கிறார்கள். இழுத்துவிடுகிறார்கள், நிறுத்திக் குறிபார்க்க முடியாமல் நடுங்கி, பாதி இழுப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் உரித்தெடுப்பது பெரும்பாடு.

மூங்கில் வில்லுக்கு என் மனதில் தனி இடம் உண்டு. நம் நாட்டின் தேசியப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்று மூங்கில் வில்லுக்கே ஒரு பிரிவு இருக்கிறது. ராஜஸ்தானின் லிம்பா ராம், ஜார்க்கண்டின் தீபிகா குமாரி எல்லாரும் மூங்கிலில் தொடங்கியவர்கள்தான். நமக்கு வடக்கே வயநாட்டில் குறிச்சியர் வில்லோடு நின்று பழசிராஜாவுக்காகப் போராடியவர்கள். 1802இல் தலைக்கல் சந்துவின் ஆட்கள் பனமரம் கோட்டையைப் பிடித்தது வரலாறு. நாங்கள் சோதித்த மூங்கில் வில் இறகுபோல இலேசு. நாண் அதிர்வது கைக்குத் தெரியவே தெரியாது. வெயில் காலத்தில் எய்தபோது மூன்றிலும் இனிமையானது இதுதான்.

பிறகு ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், சும்மா வைத்த மரம் தன் எடையில் 16 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வில் செய்பவர்கள் விரும்புவது 8 முதல் 10 வரை. இரண்டு பருவமழையும் ஒரு கடற்காற்றும் உள்ள ஊரில் அந்தப் பத்துக்கு வழியே இல்லை. மழைக்காலத்தில் வில்லின் முதுகு மெல்லத் தளர்ந்து, நாணைக் கழற்றிய பிறகும் கொஞ்சம் வளைந்தே நின்றது. அம்பு நாலைந்து விரற்கடை கீழே போய் விழுந்தது. உளுத்துப்போகிற பயம் வேறு. மூங்கிலின் மாவுச்சத்தைத் தேடி வண்டு துளைத்தால் வெளியே தெரிவது ஒரு சிட்டிகை வெள்ளைப்பொடி மட்டும். வில் உள்ளே போய்விட்டிருக்கும். அந்தக் காலத்தில் அடுக்களைப் புகை படும் பரணில் மூங்கிலைச் சொருகி வைத்தது சும்மா இல்லை.

ஈரம் இந்த நாட்டில் வில்லுக்குப் பழைய பகை. கொம்பும் நரம்பும் மரமும் ஒட்டிச் செய்த கூட்டு வில்லின் பசை நம் மழையில் இளகிவிடும். இரும்பிலேயே வில் அடித்து ஆயுதசாலையில் வைத்த வழக்கம் இந்தியாவில் இருந்தது. அப்படிப்பட்ட எஃகு வில்களை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். எறியும் வேகம் குறைவுதான். ஆனால் வருஷக்கணக்காகக் கவனிக்காமல் போட்டாலும் எடுத்தவுடன் எய்யலாம்.

இந்த இடத்தில்தான் ஃபைபர் கிளாஸ் முந்துகிறது. எபாக்ஸியில் ஒட்டிய கண்ணாடி இழைக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை. மழைக்காலம் முடிந்து தராசில் மாட்டியபோது ஒற்றைத் துண்டு வில்லும் டேக் டவுனும் பழைய எண்ணிலேயே நின்றன. அவற்றின் எதிரி சூடு. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வில்லைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பசை விட்டுப் பட்டை பிரியும்.

ஒற்றைத் துண்டா, டேக் டவுனா? கையில் பிடிக்கிற சுகத்துக்கு ஒற்றைத் துண்டு. எடை குறைவு, சத்தம் குறைவு, விட்டதும் கை உதறுவதில்லை. டேக் டவுனின் கைப்பிடி முரட்டுத்தனமாக இருந்தது, போல்ட் இறுக்கம் குறைந்தால் ஒரு ‘டிக்’ சத்தமும் வந்தது. அந்த போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்று ஒரே ஆண்டில் வேலையைக் காட்டிவிடும். அழகுப் போட்டியில் இதற்கு மூன்றாம் இடம்.

ஆனாலும் முதல் கைவினை வில்லாக நான் சிபாரிசு செய்வது டேக் டவுனைத்தான். கைவினை வில் என்பது அளவெடுத்துத் தைக்கிற சட்டை. புதிதாக வில் பிடிப்பவரின் அளவோ முதல் வருஷம் நிலைத்து நிற்பதில்லை. முதுகுத் தசை பழகப் பழக இழுப்பு ஓர் அங்குலம்வரை நீளும், தாங்கும் பாரமும் கூடும். டேக் டவுனில் 30 பவுண்டு லிம்போடு தொடங்கி, பிறகு அதே கைப்பிடிக்கு 35க்கு லிம்ப் மட்டும் செய்யச் சொல்லலாம். நாகர்கோவில் பஸ்ஸில் பைக்குள் வைத்துக்கொண்டும் போகலாம்; ஐந்தடி ஒற்றைத் துண்டோடு ஏறினால் கண்டக்டருக்கு விளக்கம் சொல்லியே வடசேரி வந்துவிடும். ஒரு வருஷம் எய்த பிறகு, உங்கள் இழுப்பு இன்னதென்று தெரிந்த பிறகு, ஈட்டி மரமும் மேப்பிள் கோடும் போட்டு ஒற்றைத் துண்டை ஆர்டர் கொடுங்கள். மூங்கில் வில், வெயில் காலத்துக்கென்று இரண்டாவதாக வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு.

ஆர்டர் தாளில் இதை எழுதுங்கள்: “என் இழுப்பு 26½ அங்குலம், அந்த இழுப்பில் எனக்கு 32 பவுண்டு வேண்டும்.” 28 அங்குலக் கணக்கை அவர் போட்டுக்கொள்ளட்டும். இடக்கையா வலக்கையா என்று சொல்லுங்கள். நாணைப் பிடிக்கிற கை எது என்பதுதான் கணக்கு. அம்பின் மேலே ஒரு விரல், கீழே இரண்டு வைத்து இழுப்பீர்களா, மூன்றையும் கீழே வைத்தா என்பதையும் சொல்லுங்கள். மேல் லிம்புக்கும் கீழ் லிம்புக்கும் உள்ள வலு வித்தியாசத்தை அதற்கேற்றாற்போல் சீவுவார்கள். முனைகள் பலப்படுத்தப்படாத வில் என்றால் டேக்ரான் நாணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீளாத நவீன நாண் வேகம் கூட்டும், முனையையும் பிளக்கும்.

அம்பில் கஞ்சத்தனம் கூடாது. அம்பின் எடையைச் சொல்வது ‘கிரெய்ன்’ கணக்கில்; ஒரு பவுண்டு இழுவிசைக்கு எட்டு கிரெய்னுக்குக் குறையாத எடை வேண்டும். பத்து என்றால் இன்னும் நல்லது. இலேசான அம்பு வேகமாகப் போகும், ஆனால் மிச்ச ஆற்றல் வில்லுக்குள்ளேயே திரும்பி அடிக்கும். அம்பே இல்லாமல் நாணை விட்டுப் பார்ப்பது அதனாலேயே பெரும் தப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் கனமான அம்புக்கு இன்னொரு நன்மை. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பது எதனால் என்று 25 மீட்டரில் ஓர் இலேசான கார்பன் அம்பை விட்டுப் பார்த்தால் தெரியும். கைப்பிடியின் மேலேயே அம்பை வைத்து எய்கிறவர்களுக்கு இறகு கட்டிய அம்புதான். பிளாஸ்டிக் சிறகு இடித்துக்கொண்டு விலகும். மழையில் இறகு நனைந்து படுத்துவிடும் என்பதால் சாரல் நாளில் எய்யாமலிருப்பதே உத்தமம்.

எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, துடைத்து, இரண்டு ஆணியில் படுக்கைவாக்கில் மாட்டுங்கள். மூலையில் சாத்தி நிறுத்தினால் கீழ் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். நாண் ஏற்றுவதற்கென்று ஒரு கயிறு விற்கிறார்கள். காலுக்குள் விட்டு வளைக்காமல் அதைப் பயன்படுத்துங்கள். முறுக்கிப்போன லிம்பை எந்த வில்காரரும் இலவசமாக மாற்றித் தரமாட்டார்.