காமன் கூத்தும் குடிமையும்

கொத்மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் ஊன்றும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அன்று தொட்டு நிறைமதி வரையில் பகலெல்லாம் மலையில் உழைத்த மக்கள் இரவில் லயத்து முற்றத்தே கூடுவர், தப்பு முழங்கும், இரதியும் மன்மதனும் ஆடுவர். இக்கூத்தை ஆராய்வோர் பெரும்பாலும் இதனைச் சிவன் காமனை எரித்த புராணத்தின் நாட்டார் வடிவமெனவோ, வளமை வேண்டிய சடங்கெனவோ கொள்வர். அது பிழையன்று, ஆயினும் போதாது. ஏறத்தாழப் பதினைந்து நாள் ஒரு தோட்டம் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் முறைமை ஒன்று இக்கூத்தினுள் அடங்கியுள்ளது. அதனை விடுத்துப் பாட்டையும் ஆட்டத்தையும் மட்டும் மதிப்பிடுதல், ஊரை விடுத்துத் தேரை மட்டும் வருணிப்பதனோடு ஒக்கும்.

கூத்து நிகழ்தல் வேண்டுமென முடிவு செய்வோர் தோட்டத்துப் பெரியோரே. குடும்பத்துக்கு இவ்வளவென்று பணம் திரட்டுவோரும், கூத்து மாஸ்டரை அமர்த்துவோரும் அவரே. வேடம் ஏற்போர் காப்புக் கட்டி நோன்பிருப்பர். பகலில் கவ்வாத்து வெட்டும் இளைஞன் இரவில் மன்மதனாகி வருங்கால், வயதில் மூத்தோரும் அவனைத் தெய்வமாகவே மதிப்பர். வரி, பதவி, கடமை, கட்டுப்பாடு என ஓர் ஊராட்சிக்கு வேண்டுவன யாவும் ஈண்டு உள்ளன. நிலம் ஒன்றுதான் இல்லை. அது தோட்டத்துக்கு உரியது.

வேடம் ஏற்போரே தம் ஊரை ஆளும் இத்தகைய அமைப்பு இக்காலக் கணினி ஆட்டங்களிலும் காணப்படுகின்றது. பண்டை எகிப்தைக் களமாகக் கொண்டு 2003இல் தொடங்கிய 'எ டேல் இன் தி டெசர்ட்' என்னும் இணைய ஆட்டத்தில், ஆடுவோர் ஒரு சட்டத்தை மனுவாக எழுதிக் கையொப்பம் திரட்டி வாக்கெடுப்பில் நிறைவேற்றலாம். எனினும் அச்சட்டத்தை ஆட்டத்தினுள் நடைமுறைப்படுத்தும் ஆற்றல் அதனை ஆக்கியோர் கையில் உள்ளது. களம் பிறருடையதாயின் ஆடுவோரின் ஆட்சி எவ்வளவு தூரம் செல்லும் என்னும் வினா, எகிப்திய மணலிலும் கொத்மலைத் தேயிலைக் காட்டிலும் ஒன்றே. வேறுபாடு ஒன்றுண்டு. கணினி ஆட்டத்தில் புகுவோர்க்குப் பெரும்பாலும் வெளியே ஒரு நாடு உண்டு. தோட்டத்துக் கூத்தருக்கோ அது நெடுங்காலம் இல்லாதிருந்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் சிலர் நாடாளுமன்றம் புக்கனர். அவருள் தலவாக்கலைத் தொகுதியில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்த எழுத்தாளருமாவார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாட்டின் கணக்கிலிருந்து நீக்கின; 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் சார்பாக ஒருவரும் தெரிவாகவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர்ப் பார்க்கலாமென ஒத்திவைத்தது. பங்கிடப்பட்டோர் கருத்துக் கேட்கப்படவில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இவ்வரலாற்றை அறிந்து கூத்தினை நோக்குவார்க்கு அதன் இரு பகுதிகள் புதுப்பொருள் தரும். முதலாவது, தூதன் ஓலை கொணர்தல். எங்கோ இருக்கும் தேவர் தலைவனின் கட்டளை ஒன்று வருகின்றது. இரதி தீக்கனாக் கண்டு தடுக்கின்றாள். மன்மதன் போகின்றான், எரிகின்றான். கட்டளையிட்டோர்க்கு ஒரு தீங்கும் இல்லை. தொலைநகரத்து ஓலைகளால் வாழ்வு மாறிய மக்கள் இக்காட்சியை வெறும் புராணமாகக் கேட்டிருத்தல் அரிது. மற்றொன்று முடிவு. மன்மதன் உயிர் பெறுகின்றான். ஆயின் இரதியின் கண்ணுக்கு மட்டுமே தோன்றுவான், பிறர்க்கு அவன் அனங்கன். தன்னவர் காண வாழ்ந்தும் ஏட்டில் உருவின்றி இருந்த ஒரு சமூகத்துக்கு இதனினும் பொருந்திய கதை கிடைத்தல் அரிது. கதை இந்தியாவிலிருந்து வந்தது. அதற்கு இப்பொருளைத் தந்தது மலையகமே.

கூத்தின் குடியாட்சியைக் குறையற்றதெனப் புகழ்தல் திறனாய்வாகாது. இரதியின் புலம்பல் கூத்தின் உயிர்நிலை. அதனை மரபாகப் பாடுவோரோ ஆடவர். கொழுந்து கொய்து தோட்டத்தைத் தாங்கும் பெண் கூத்தில் பார்ப்பவளாகவே நின்றாள். தப்பின்றிக் கூத்தில்லை, அதனை அடிப்போரோ சாதி ஏணியின் கீழ்ப்படியில் வைக்கப்பட்டோர். வெளியே உரிமை மறுக்கப்பட்டோர் உள்ளே தாமும் மறுத்தனர்.

வாக்குரிமை மீண்ட பின்னும் வெளியாட்சி தோட்டத்தை எளிதில் எட்டவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டங்களுக்குத் தடையின்றிச் செலவிடுதற்கு இடையூறாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல். அதுவரை வாக்களித்துச் சபைக்கு ஆளனுப்பிய தோட்டத்து மக்களின் லயத்துப் பாதை, அச்சபையின் எல்லைக்குள்ளிருந்தும் அதன் கைக்கு எட்டாதிருந்தது. இதனோடு ஒப்பிடுங்கால் பதினைந்து நாள் கூத்தாட்சியே செயலுடையது என்னலாம்: திரட்டிய பணம் திரட்டிய இடத்திலேயே செலவாயிற்று.

இன்று காமன் கூத்து நகரத்து மேடைகளில் சுருங்கிய வடிவில் காட்டப்பெறுவதுண்டு. ஒப்பனை சிறக்கின்றது, ஒலிபெருக்கி துணைசெய்கின்றது, பெண்களே இரதியாகவும் வரலாம், இது நன்றே. ஆயினும் அவ்வரங்கில் இருப்போர் எவரும் வரி கொடுத்தவரல்லர். நோன்பிருந்தவனின் அண்டை வீட்டாருமல்லர். காமன் எரிந்ததும் கைதட்டி எழுந்து செல்கின்றனர். தோட்டத்திலோ காமன் எரிந்த விடியலில் கைதட்டுவார் இல்லை.