ஓங்கிய கை தாழும் இடம்

சித்திரப் படங்கள் சிறுவர்க்கே உரியவை. அவற்றில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. துரத்தலும் அடிதடியும் சிரிப்புமாய் முடிந்துவிடும் படங்களைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பிழையன்று. ஆயின், 2005 பிப்ரவரியில் தொடங்கி 2008 ஜூலையில் நிறைவெய்திய ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்னும் அமெரிக்கத் தொடரை அவ்வரிசையில் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியெட்ஸ்கோ ஆகிய இருவர் படைத்து, நிக்கலோடியன் தொலைக்காட்சி ஒளிபரப்பிய இத்தொடர் 61 பகுதிகளைக் கொண்டது. பெரியோரே தடுமாறும் கேள்வியொன்றைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தோளில் ஏற்றிவைத்த கதை இது. அக்கேள்விக்கு அது கண்ட விடை நிறைவானதுதானா என்பதை ஈண்டு ஆராய விழைகிறோம்.

கதையின் உலகில் நீர், நிலம், நெருப்பு, காற்று என நால்வகை மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் தத்தமக்குரிய பூதத்தை ஏவி ஆளும் கலையில் வல்லவர்கள். நான்கையும் ஆளவல்லவர் ஒரு காலத்தில் ஒருவரே. அவருக்கு அவதார் என்று பெயர். உலகின் சமநிலையைக் காப்பது அவர் கடமை. நெருப்பு நாட்டு மன்னன் சோசின் காற்று மக்களைப் பூண்டோடு அழித்தான். பனிப்பாறைக்குள் நூறாண்டு உறங்கிக் கிடந்த ஆங் என்னும் சிறுவன் மட்டுமே எஞ்சினான். இப்பொழுது சோசினின் பேரன் ஓசாய், வால்மீன் தோன்றும் நாளில் நில நாட்டை எரித்துச் சாம்பலாக்கத் திட்டமிடுகிறான். அவனைக் கொன்றே தீரவேண்டும் என்கின்றனர் ஆங்கின் தோழர்கள்.

ஆங்கை வளர்த்தவர்களோ எவ்வுயிரும் புனிதமெனப் போற்றிய துறவிகள். அவர்கள் மடிந்துவிட்டார்கள், அவர்கள் கற்பித்த அறம் இச்சிறுவனின் நெஞ்சில் மட்டுமே உயிர்த்திருக்கிறது. ஓசாயைக் கொன்றால் அவ்வறமும் மடியும்; கொல்லாது விட்டால் எண்ணற்ற மக்கள் மடிவர். நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்ந்தெடுப்பது வீரர்க்கு எளிது. இரண்டு கடமைகளுக்கு இடையே தேர்ந்தெடுப்பதே அரிது.

தனக்கு முன்பிருந்த அவதார்களிடம் ஆங் அறிவுரை கேட்கும் காட்சி இத்தொடரின் உச்சங்களுள் ஒன்று. ரோக்கு தம் பிழையைச் சொல்கிறார். சோசின் அவருடைய இளமைத் தோழன். அவன் வரம்பு மீறியபோது, பழைய நட்பை எண்ணி ரோக்கு உயிரோடு விட்டார்; அந்த இரக்கத்தின் விலையை ஓர் இனமே செலுத்தியது. கியோஷி தயக்கமின்றி நீதியின் பக்கம் பேசுகிறார். இறுதியாக ஆங் நம்பிக்கையோடு நாடுவது, தன்னைப்போலவே காற்று மக்களிடையே பிறந்த யாங்ச்சென் அம்மையாரை. அவரோ, உன் ஆன்மாவின் தூய்மையைவிட உலகின் நலம் பெரிது என்னும் கருத்தையே எடுத்துரைக்கிறார். சிறுவனுக்கு ஒத்தாசையாக ஒரு குரலும் எழவில்லை. கொல்லாமையின் பக்கத்தை எளிதாக்கிக் காட்டாமல், எதிர்வாதத்தை முழு வலிமையோடு நிறுத்திய நேர்மையை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஆயின் முடிவில் நிகழ்வதென்ன? சிங்க ஆமை என்னும் தொன்மையான மாபெரும் உயிரினம் தோன்றி, இதுவரை கதையில் எவரும் அறியாத ஓர் ஆற்றலை ஆங்குக்கு அருள்கிறது. போரின் முடிவில் அதைக்கொண்டு ஓசாயின் நெருப்பாளும் வல்லமையை அவன் பறித்துவிடுகிறான். கொலையும் நிகழவில்லை, உலகும் பிழைத்தது. கட்டப்பட்ட முடிச்சு அவிழ்க்கப்படவில்லை, முடிச்சே மறைந்துபோயிற்று. போரின் நடுவே ஓசாய் வீசிய மின்னலைக் கையில் ஏந்திய ஆங், அதை அவன்மீதே திருப்பக்கூடிய நொடியில் வேறு திசையில் விட்டுவிடுகிறான். தன் உயிருக்கே ஆபத்தை வரவழைத்துக்கொண்ட செயல் அது. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. எனினும், அறத்தைக் காத்ததற்கு ஒருவன் செலுத்த வேண்டிய விலையை வெளியிலிருந்து வந்த வரம் தள்ளுபடி செய்துவிடுகிறது என்பதே நம் குறை.

வரம் ஏதுமின்றி இதே கேள்வியை எதிர்கொண்டவள் ஒருத்தி இத்தொடரிலேயே இருக்கிறாள். அவள் கட்டாரா. ‘தி சதர்ன் ரெய்டர்ஸ்’ என்னும் பகுதியில் தன் தாயைக் கொன்ற யோன் ரா என்பவனைத் தேடிப் புறப்படுகிறாள். எந்தக் கலையைக் கற்க நேர்ந்ததற்காக முன்னர் அழுதாளோ, பிறர் உடலின் குருதியை ஏவும் அக்கலையையே இப்போது கையாளுகிறாள். அதுவும் தவறான மனிதன்மீது. கடைசியில் அவள் காண்பது ஒரு கொடுங்கோலனை அன்று. வேலையினின்று ஓய்வு பெற்று, தன் தாயோடு வாழும் ஒரு கோழைக் கிழவனை. தன் உயிருக்கு ஈடாகத் தன் தாயைக் கொல்லும்படி சொல்லவும் அவன் கூசவில்லை. பெய்யும் மழையை நிறுத்தி, பனிக்கூர்களாக்கி அவன்மீது ஏவிய கட்டாரா, அவை அவனைத் தைக்குமுன் தடுத்துவிடுகிறாள்.

அவனை அவள் மன்னிக்கவில்லை. என்றும் மன்னிக்கப்போவதில்லை என்கிறாள். தான் நின்றது வலிமையாலா, வலிமையின்மையாலா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. கொல்லாமை வேறு, மன்னிப்பு வேறு என்னும் நுண்ணிய வேறுபாட்டை இத்துணைத் தெளிவாகச் சிறுவர்க்கு எடுத்துக்காட்டிய கதைகள் மிகச் சிலவே. அவள் நெஞ்சின் வெற்றிடத்தை எந்த ஆமையும் வந்து நிரப்பவில்லை. அதனாலேயே அம்முடிவு நம்மை உலுக்குகிறது. அப்பகுதியின் இறுதியில், வன்முறை விடையன்று என ஒப்புக்கொண்ட சூக்கோ, அவ்வாறாயின் என் தந்தையை நீ என்ன செய்வாய் என்று ஆங்கைக் கேட்கிறான். சூக்கோ, ஓசாயின் மகன். அக்கேள்விக்கு ஆங் வாய் திறக்கவில்லை.

அம்மௌனத்தை நிறைவு செய்ய வரம் போதவில்லை என்பதற்குக் கதையின் தொடர்ச்சியே சான்று. ஜீன் லுவென் யாங் எழுதி 2012இல் வெளிவந்த ‘தி பிராமிஸ்’ என்னும் சித்திரக்கதையில், அரியணை ஏறிய சூக்கோ, தானும் தந்தையைப்போல் ஆகிவிட்டால் தன்னைக் கொன்றுவிடுமாறு ஆங்கிடம் வாக்குக் கேட்கிறான். மறைந்துபோன முடிச்சு மீண்டும் விழுந்துவிட்டது.

நம் இல்லத்துப் பிள்ளைகள் இத்தொடரைப் பார்ப்பதை நாம் தடுக்க வேண்டியதில்லை. அருகமர்ந்து நாமும் பார்ப்பது நன்று. பார்த்து முடித்தபின், அந்த ஆமை வராதிருந்தால் ஆங் என்ன செய்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்கலாம். உடனே விடை சொல்லும் பிள்ளையைக் காட்டிலும், சற்றுநேரம் பேசாதிருக்கும் பிள்ளையைக் கண்டு நாம் மகிழலாம். கட்டாராவின் கை தாழ்ந்த இடத்துக்கு அப்பிள்ளை வந்து சேர்ந்திருக்கிறது.