எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டியவை

சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்த வெள்ளக்கடையில் காபி பயிரிடும் சிறு விவசாயிக்கு அறுவடை முடிந்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: உலர்த்திக் கட்டிய மூட்டையை இப்போதே கொடுத்துவிடலாமா, இன்னும் பொறுக்கலாமா? ஒரு காலத்தில் அவர் இதை யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 1942-ஆம் ஆண்டுக் காபிச் சட்டத்தின்படி விளைச்சல் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போனது. 1990-களில் அந்தக் கட்டாயம் விலகியது. விற்கும் உரிமையோடு விலையை அறியும் பொறுப்பும் தோட்டக்காரர் தலையில் வந்து சேர்ந்தது. இனி அந்தக் கேள்வியை அவரோ அவர் பிள்ளைகளோ கைபேசியில் ஓர் ஏஐ ஏஜென்டிடம் கேட்பார்கள். அது சொல்லும் பதிலின் தரம், யாரும் அதிகம் கவனிக்காத ஓர் எழுத்து வேலையைச் சார்ந்திருக்கிறது.

ஏஜென்ட் விலையைத் தானாக அறிவதில்லை. தரவுக் கருவி ஒன்றை அழைத்துக் கேட்கிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் நவம்பர் 2024-ல் வெளியிட்ட எம்.சி.பி. என்ற நெறிமுறை இதற்குப் பரவலான வழியாகிவிட்டது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், கொடுக்க வேண்டிய உள்ளீடுகளின் பட்டியல் இருக்கும். கருவிக்குள் ஓடும் நிரலை ஏஜென்ட் பொதுவாகப் பார்ப்பதில்லை. விளக்கத்தை நம்பித்தான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது, வந்த எண்ணுக்குப் பொருள் கொள்கிறது.

விளக்க ஆவணம் எழுதும் இந்த வழக்கத்தின் முதல் நன்மை, மனிதர்கள் சொல்லாமலே புரிந்துகொண்டவற்றை எழுத வைப்பது. நியூயார்க் சந்தையில் அரபிகா விலை ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று வரும். லண்டனில் ரோபஸ்டா ஒரு டன்னுக்கு இத்தனை டாலர். நம் ஊரில் தோட்டத்துக் காபிக்கு 50 கிலோ மூட்டைக்கு ரூபாயில் பேசுகிறார்கள். பிப்ரவரி 2025-ல் நியூயார்க் விலை 400 சென்டைத் தாண்டியது. அதை நேராகக் கணக்கிட்டால் 50 கிலோவுக்குச் சுமார் 441 டாலர். ஆனால் அது தோல் நீக்கிய பச்சைக் கொட்டையின் விலை. விவசாயி கையில் இருப்பது பார்ச்மென்ட் (உள்தோலோடு உலர்த்திய கொட்டை) என்றால், 50 கிலோவில் தேறுவது ஏறத்தாழ 40 கிலோ. மதிப்பு 353 டாலராக இறங்கிவிடும். செர்ரியாக, அதாவது முழுப் பழமாகவே உலர்த்தியிருந்தால் பாதியளவே தேறும். பதப்படுத்தும் செலவும் தர வேறுபாடும் இதற்கு மேல். “காபி விலையைத் தரும்” என்று ஒற்றை வரியில் எழுதப்பட்ட கருவி, இத்தனை வேறுபாடுகளையும் விழுங்கிவிடும்.

காலத்துக்கும் இதே கதைதான். “2024-25” என்றால் நிதியாண்டுக்கு ஏப்ரலில் தொடக்கம். இந்தியக் காபிப் பருவத்துக்கு அக்டோபரில். எந்த ஆண்டு, எந்த நிலைக் காபி, எந்தச் சந்தை, எப்போது பதிவான விலை என்று எழுத உட்காரும்போதுதான் தரவை வைத்திருப்பவரே தம் தரவின் ஓட்டைகளைக் காண்கிறார். நல்ல ஆவணம் ஏஜென்டுக்கு உதவும் முன்பே நிறுவனத்தைத் திருத்துகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, பொது ஒழுங்கு இல்லாமை. கார்ப்பரேட் விவகார அமைச்சகம் 2011-லேயே குறிப்பிட்ட நிறுவனங்கள் நிதிநிலை அறிக்கையை எக்ஸ்.பி.ஆர்.எல். வடிவில் தர வேண்டும் என்றது. அதில் எண்ணோடு அதன் அலகும் காலமும் ஒட்டியே வரும். ஏஜென்ட் கருவிகளிலோ அலகைக் குறிப்பது எழுதுபவரின் விருப்பம். கருவி எதை வாங்கும், எதைத் தரும் என்ற வடிவத்தை எம்.சி.பி. வரையறுக்கிறது, அந்த எண் சென்டா டாலரா என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

இரண்டாவது, சுருக்கத்தின் விலை. விளக்கம் நீண்டால் செலவு கூடும், ஏஜென்டின் கவனமும் சிதறும். ஆகவே வெட்டுகிறார்கள். வெட்டும்போது முதலில் போவது எச்சரிக்கை வரிகள். கருவி செய்யக்கூடியதைச் சொல்லும் வரிகள் தங்கிவிடுகின்றன. செய்ய முடியாததைச் சொல்பவை மறைகின்றன.

மூன்றாவது, நம்பிக்கை. விளக்கத்தில் இருப்பதை ஏஜென்ட் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். கருவி விளக்கத்துக்குள் கள்ளக் கட்டளைகளை ஒளித்துவைக்க முடியும் என்று இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஏப்ரல் 2025-ல் காட்டியது. விலை பார்க்கும் கருவியும் பணம் அனுப்பும் கருவியும் ஒரே ஏஜென்ட் கையில் இருந்தால், இது சேமிப்பையே பறிக்கும் வழி. ‘படிக்க மட்டும்’ என்று கருவி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது காப்பு ஆகாது. அனுமதியை ஆவணத்துக்கு வெளியே, சர்வரிலேயே பூட்ட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. இல்லாத தரவை எந்த ஆவணமும் உண்டாக்காது. காபி வாரியம் சேர்வராயன் மலையைத் தனிக் காபி வட்டாரமாகக் குறிப்பிடுகிறது. ஆனால் ஒரு கருவியில் கர்நாடக விலை மட்டும் இருந்தால், ஏஜென்ட் அதையே ஏற்காட்டு விலைபோல எடுத்து நீட்டிவிடும் அபாயம் இருக்கிறது. தெளிவாக எழுதப்பட்ட விளக்கம் அந்தத் தவறான பதிலுக்கு இன்னும் நம்பகமான தோற்றத்தைத் தரும்.

ஆகவே இந்த ஆவணங்களை அளக்க ஒரே அளவுகோலைத்தான் நான் ஏற்பேன்: ஓர் ஆவணம் தன் எல்லையை எவ்வளவு நேர்மையாகச் சொல்கிறது? “இதில் சேர்வராயன் விலை இல்லை, கேட்டால் இல்லை என்று சொல், வேறு ஊர் விலையை மாற்றாகத் தராதே” என்ற வரி, பத்துச் சிறப்பம்சங்களைவிட மதிப்புள்ளது. அந்த வரியை நிரலாளர் தனியாக எழுத முடியாது; மூட்டையை எடைபோட்டு வாங்குபவரும் விற்பவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். எழுதியபின் அவர்கள் கேட்கும் கேள்விகளை ஏஜென்டிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அதே விளக்கம் தமிழிலும் மனிதர் படிக்கக் கிடைக்க வேண்டும். தம் விலையைப் பற்றி இயந்திரத்துக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அறிய, பயிரிட்டவருக்கு உரிமை உண்டு.