வெங்காயத்தின் நினைவும் மன்னாவின் மறதியும்

நன்றிகேட்டைப் பற்றிப் பேசும் பழைய ஏற்பாட்டுப் பகுதிகளுள் இலக்கிய நயம் மிக்கது எண்ணிக்கை நூலின் 11-ஆம் அதிகாரம். திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் இடம்பெறுவதும் 11-ஆம் அதிகாரத்திலேயே. இது தற்செயல்தான், ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பது பயன்தரும். வள்ளுவர் அறத்தை எடுத்துரைக்கிறார். எபிரேய ஆசிரியர் அவ்வறத்தில் தவறிய மக்களின் கதையைச் சொல்கிறார்.

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் அழுகின்றனர். எகிப்தில் விலையின்றி உண்ட மீன், வெள்ளரி, கொம்மட்டி, கீரை, வெங்காயம், பூண்டு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஏங்குகின்றனர். அப்பட்டியலில் செங்கல் சூளை இல்லை. வாங்கிய அடிகள் இல்லை. நைல் நதியில் எறியப்பட்ட ஆண் குழந்தைகளும் இல்லை. 'விலையின்றி' என்னும் சொல்லில் ஆசிரியரின் கூர்மை தெரிகிறது. அடிமை உண்ட உணவுக்கு அவன் முதுகே விலை. மெய்யாகவே விலையின்றிக் கிடைத்தது மன்னா. அதுவே அவர்களுக்குச் சலித்துப்போயிற்று.

இம்முறையீட்டுக்கு ஆசிரியர் மறுப்புரை எழுதவில்லை. கதையைச் சற்றே நிறுத்தி, மன்னாவின் தோற்றம், அதை அரைத்தும் இடித்தும் சமைத்த விதம், எண்ணெய்ப் பணியாரம் போன்ற அதன் சுவை, இரவில் பனியோடு அது இறங்கிய வகை ஆகியவற்றை மூன்றே வசனங்களில் அமைதியாக வருணிக்கிறார். அவ்வருணனையே தீர்ப்பு.

இப்பகுதியை விளக்கும்போது 'நன்றி கெட்ட இஸ்ரயேல்' என்று மறையுரையாளர்கள் சுட்டுவிரல் நீட்டுவதுண்டு. துடியலூரில் நானும் அவ்வாறு செய்திருக்கிறேன். ஆனால் இக்கதையை நமக்குச் சொன்னவர்கள் அவர்களே அல்லவா? 78, 106 ஆகிய திருப்பாடல்களில் முன்னோரின் மறதியை வழிபாட்டுப் பாட்டாகவே ஆக்கிவிட்டனர். 106-ஆம் பாடல் முன்னோரின் பாவத்தோடு பாடுவோரின் பாவத்தையும் சேர்த்து அறிக்கையிடுகிறது. வெற்றிகளையே கல்லில் பொறித்த பேரரசுகளின் நடுவே இது அரிய நேர்மை.

நம்மிடம் அந்நேர்மை உண்டா? சிறுவாணி நீரின் சுவையைப் பெருமையாகப் பேசும் கொங்கு மண்ணில், வெள்ளியங்கிரி தந்த நொய்யல் என்னவாயிற்று? பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் எழுந்த அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது; உழவர்களின் கிணறும் நிலமும் கெட்டன. சாய ஆலைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. இஸ்ரயேலர் மன்னாவைக் குறைகூறினர். ஆனால் அதில் நஞ்சு கலக்கவில்லை.

ஓர் ஓமர் அளவு மன்னாவைச் சாடியில் இட்டு, வருந்தலைமுறைகள் காணும்படி வைக்குமாறு ஆண்டவர் பணித்ததை விடுதலைப் பயண நூல் கூறுகிறது. கானான் நாட்டு விளைச்சலை உண்டபின் மன்னா நின்றுபோயிற்று என்கிறது யோசுவா நூல். கொடை நின்ற பிறகும் நினைவு நிற்கவே அந்தச் சாடி. உணவுக்கு முன் நாம் அவசரமாய்ச் சொல்லி முடிக்கும் சிறு செபமே நம் இல்லத்துச் சாடி. இனி அதை நிதானமாகச் சொல்வோம். அவ்வுணவை விளைவித்த ஆற்றையும் அதில் நினைவுகூர்வோம்.